பட்டியலில் இல்லாத கோரெலோவ்கா

ரஷ்யாவின் கலுகா நகரில் டிராலிபஸ் ஓட்டும் ரிம்மா யெகோரொவ்னாவிடம் இரண்டாம் உலகப்போரின் சோவியத் தளபதி மார்ஷல் ஷுகோவைப் பற்றிப் பதினோரு புத்தகங்கள் இருந்தன. ஒன்றைக்கூட அவள் முழுதாகப் படித்ததில்லை. கடைசிப் பக்கங்களில் உள்ள ஊர்ப்பெயர்ப் பட்டியலைத் திறப்பாள், 'கோ' வரிசையில் விரலை ஓட்டுவாள், மூடி வைத்துவிடுவாள்.

அவள் தேடியது கோரெலோவ்கா என்ற கிராமத்தை. நாற்பத்திரண்டாம் ஆண்டு ஆகஸ்டில் அந்த ஊருக்கு வெளியே அவள் அப்பா குண்டடிபட்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்ததாக, கூடப் போரிட்ட ஒருவர் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். அரசாங்கக் காகிதமோ 'காணாமற்போனார்' என்றது. காணாமற்போனவருக்கு நினைவுத்தூணில் இடம் இல்லை. ஓடிப்போயிருக்கலாம், சரணடைந்திருக்கலாம், யார் கண்டது? ராணுவ அலுவலகத்து மேஜர் மரியாதையாகத்தான் பேசினார்.

"அந்த ஊர்ல சண்டை நடந்ததுன்னு அச்சடிச்ச புத்தகம் ஒண்ணு காட்டுங்கம்மா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அவளுடைய புத்தகங்களில் மார்ஷல் மாஸ்கோவைக் காப்பாற்றுவார். பக்கத்தைப் புரட்டினால் ஸ்டாலின்கிராடு வந்துவிடும். நடுவில் இருந்த மாதங்களில், அந்த ஆகஸ்டிலும்கூட, அவர் ரயிலில் தூங்கிக்கொண்டு போனார் போலும்.

எண்பத்துநான்கில், மார்ஷலைப் பற்றி இரண்டு பாகங்களில், வரைபடங்களோடு புதிய புத்தகம் வருவதாகப் பேச்சு. கடையில் சும்மா கிடைக்காது. இருபது கிலோ பழைய காகிதம் போட்டால் ஒரு சீட்டு. சீட்டைக் காட்டினால் புத்தகம். ரிம்மா வீட்டிலிருந்த செய்தித்தாள்களையெல்லாம் கட்டினாள். பன்னிரண்டு கிலோதான் தேறியது. பிறகு கண் அலமாரிக்குப் போனது. எப்படியும் ஊர் இல்லாத புத்தகங்கள்தானே.

காகிதக் கிடங்கில் தராசோடு உட்கார்ந்திருந்த ஃபரீத் அட்டைகளைத் தட்டிப் பார்த்தான்.

"அட்டையோட எடுக்கறதில்லக்கா. கிழிச்சுட்டுக் குடுங்க."

"மார்ஷல் மூஞ்சி போட்டிருக்கேப்பா."

"தராசுக்கு மூஞ்சி தெரியுமா? கிழிங்க."

வரிசையில் பின்னால் நின்றவள் பொறுக்கமாட்டாமல் கத்தினாள். "சீக்கிரம் ஆகட்டும்மா! பெர்லினையே இதவிடச் சீக்கிரம் பிடிச்சுட்டாங்க!"

ரிம்மா கிழித்தாள். காலடியில் பதக்கங்களோடு மார்ஷல்கள் குவிந்தார்கள்.

புதிய புத்தகம் வந்தது. வழுவழுப்பான தாள். 'கோ' வரிசையில் கோரெலோவ்கா இல்லை.

விட மனமில்லை. வேறு புத்தகம் ஏதாவது வராமலா போகும் என்று, டிராலிபஸ் நிலையத்துப் பழைய தாள்களைக் கேட்டு வாங்கி, இன்னொரு இருபது கிலோவோடு போனாள்.

"புதுப் புத்தகம் எப்படிக்கா?" என்றான் ஃபரீத்.

"படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கோரெலோவ்கா மட்டும் இல்ல."

"எது, சதுப்புல பீரங்கி புதைஞ்சு போச்சே, அந்த ஊரா?"

ரிம்மாவின் கையிலிருந்த கட்டு நழுவி விழுந்தது. "நீ எங்க படிச்ச?"

"நீங்க போட்டதுலதான். ஒல்லியா ஒண்ணு இருந்துச்சே, மார்ஷலப் பத்தி அவர்கிட்ட இருந்த பழைய சிப்பாய்ங்க சேர்ந்து எழுதினது. கூட்டமில்லாதப்ப படிச்சேன். அந்த ஊருக்குன்னே மூணு பக்கம். பாவம்க்கா, ஒரு மேட்டுக்காக எத்தனை பேரு..."

"அது எங்க இப்ப?"

"செவ்வாய்க்கிழமை லாரில போயிடுச்சு. இந்நேரம் கூழாயிருக்கும். ஏன், நீங்க படிக்கல?"

அந்த ஒல்லிப் புத்தகம் அவளுக்கு நினைவிருந்தது. கடைசியில் பட்டியல் இல்லாததால் திறந்த வேகத்தில் மூடியது. இத்தனை வருடம் தேடியது அப்பாவையா, பட்டியலில் ஒரு சொல்லையா?

ஃபரீத் சீட்டில் முத்திரை குத்தி நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"இத நீயே வெச்சுக்க. அதே புத்தகம் இன்னும் யார் வீட்லயாவது இருக்கும். இருபது கிலோ சேக்கறதுக்காக இங்கதான் வரும். என்னை உள்ள விடு, லீவு நாள்லல்லாம் வந்து பாக்கறேன்."

ஃபரீத் சீட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "சும்மா உக்கார விட்டா மேலதிகாரி கேப்பார். அட்டை கிழிக்கிற வேலைய எடுத்துக்கோங்க. படிச்சுட்டுக் கிழிங்க."

ரிம்மா ஒரு கட்டின் மேல் உட்கார்ந்து, முதல் புத்தகத்தை எடுத்தாள். தேனீ வளர்ப்பைப் பற்றியது. இருந்தாலும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். வரிசை முணுமுணுத்தது.