சிவப்பு வண்டிக்கு ஒரு எலுமிச்சை

பூந்தமல்லியில் நான் கார் விற்கும் ஷோரூமில், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிவப்பு வண்டி நிற்கிறது. சின்ன உடம்பு, பெரிய எஞ்சின், கையால்தான் கியர் மாற்ற வேண்டும். அதன் மேல் எனக்குக் கொள்ளை ஆசை. காலையில் வந்ததும் துணியை எடுத்து அதைத்தான் முதலில் துடைப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐ.டி. பையன்கள் வந்து சுற்றிச் சுற்றிப் படம் எடுப்பார்கள். "செம மாமே" என்பார்கள். பிறகு வேறு கம்பெனி வண்டியில் ஏறிப் போய்விடுவார்கள். வாங்கத்தான் நாதி கிடையாது.

எங்களுக்குச் சோறு போடுவது பக்கத்தில் நிற்கும் வெள்ளைக் குடும்ப வண்டி. எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. பிரிட்ஜுக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும்.

கம்பெனியோ தள்ளாடிக்கொண்டிருந்தது. போன ஆடி முடிகிற சமயம் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். "ஆயுத பூஜைக்குள்ள வெள்ளை வண்டி போகலைன்னா, முதல்ல சிவப்பத்தான் நிறுத்துவாங்க. அந்த லாபத்துலதான் இது ஓடுது" என்றார்.

அதுவரை வெள்ளை வண்டியை வேண்டாவெறுப்பாக விற்றவன், பாரிவாக்கம் அடுக்குமாடி வாசல்களில் போய்க் கடை விரித்தேன். ஓட்டிப் பார்க்கக் கேட்டவர்களுக்காக வேப்பம்பட்டு வரை வண்டியைக் கொண்டுபோனேன். காதலிக்காக அவள் வீட்டு நாய்க்கும் பிஸ்கட் போடுகிறவன் கதைதான்.

அப்படித்தான் ஆவடியில் இட்லி மாவு வியாபாரம் செய்யும் ஒரு அம்மா கணவரோடு வந்தார். கணவர் வாயே திறக்கவில்லை. அம்மா வெள்ளை வண்டியின் டிக்கியைத் திறந்து, மாவு டப்பாக்கள் அடங்குமா என்று கையை விரித்து அளந்தார். எல்லாம் பேசி முடிந்து கையெழுத்துதான் பாக்கி. அப்போது சிவப்பைப் பார்த்தார்.

"இத்த யாரு நைனா வாங்குறா?"

"யாரும் வாங்குறதில்லம்மா."

"அப்பறம் இன்னாத்துக்கு செய்றானுங்கோ?"

எனக்குச் சுருக்கென்றது. விற்கிறவன் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன். "உங்கள மாதிரி ஆளுங்க வெள்ளை வண்டி வாங்குறாங்கல்ல, அந்தக் காசுலதான்மா. நீங்க வாங்கலைன்னா இது செத்துடும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. எவனோ ஆசைப்பட்டு ஓட்டுவதற்கு என் காசா என்று அவர் எழுந்து போயிருந்தால், அதில் நியாயம் உண்டு. வாயைக் கொடுத்துக் கெட்டோமே என்று நின்றேன். அம்மா சிரித்துவிட்டார்.

"அதுக்கு ஏன் நைனா மூஞ்சி தொங்குது? என் கதையும் அதான். தீபாவளிக்கு கைமுறுக்கு சுத்துவேன். உக்காந்துகினே சுத்தி இடுப்பு போயிடும், லாபம் ஒண்ணும் கெடையாது. மாவு போறதாலதான் முறுக்கு சுத்த முடியுது. ஆனா ஆவடில என்னை முறுக்குக்காரம்மான்னுதான் சொல்லுவாங்கோ."

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஆயுத பூஜையன்று வண்டி எடுக்க வந்தார்கள். வாசலில் கற்பூரம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்து நசுக்கினார்கள். அதன் பிறகும் அம்மாவின் பையில் ஒரு பழம் இருந்தது. நேரே உள்ளே வந்து, சிவப்பு வண்டியின் முன்சக்கரத்தடியில் அதை வைத்தார்.

"இதுல என் பங்கும் கீதுல்ல? எடு நைனா."

மேனேஜர் டைல்ஸைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தலையாட்டினார். நான் ஏறி எஞ்சினைப் போட்டேன். கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. வண்டி ஒரு சாண் நகர்ந்தது, பழம் நசுங்கியது.

"நல்ல சத்தம்" என்றார் அதுவரை பேசாத கணவர்.

அந்த சீசனில் வெள்ளை வண்டி நன்றாகவே போனது. சிவப்பை இன்னும் ஒரு வருடம் விட்டுவைத்திருக்கிறார்கள். டைல்ஸில் எலுமிச்சைக் கறை அப்படியே இருக்கிறது. இப்போதெல்லாம் காலையில் வந்ததும் நான் துணியை எடுத்து வெள்ளை வண்டியைத்தான் முதலில் துடைக்கிறேன்.