முகூர்த்தம் பார்க்காத நோய்

முதல் அறிகுறி ஒரு மணப்பெண்ணின் இமையில் தெரிந்தது. தை பிறந்து வந்த முதல் முகூர்த்தம் அது. குரோய்டனில் ஒரு மண்டபத்தின் உடைமாற்றும் அறையில் அவளுக்கு மை தீட்டிக்கொண்டிருந்தேன். வலது இமையை முடித்துவிட்டு இடதுக்கு வந்தபோது, அங்கே ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இமைகள் இருந்தன. எதில் கோடு இழுப்பது என்று தெரியாமல் கை நின்றது. என் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றதால் பார்த்து முடித்தேன். படங்களில் அந்தப் பெண் அழகாகவே இருக்கிறாள்.

நான் நோர்பரியில் இருக்கிறேன். மணப்பெண் அலங்காரம் என் சொந்தத் தொழில். பஞ்சாங்கம் கைக்கு வந்த அன்றே ஆண்டின் சுபநாட்களைக் கலண்டரில் குறித்துவிடுவேன். வாசித்து முடித்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்கூடத் திகதி போடும் பழக்கம் எனக்கு உண்டு. என்னைத் தேடி வந்த தாய்மார் என் கைவண்ணத்தைவிட, சொன்ன நேரத்துக்கு வருவேன் என்பதைத்தான் நம்பி வந்தார்கள்.

அடுத்த சில வாரங்களில், மாலையானால் இமை தானாக இறங்கியது. சாப்பாட்டின் நடுவில் தாடை களைத்தது. மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காததுபோல எல்லாம் சரியாக இருந்தது. கண்ணாடியை மாற்றிப் பார்த்தேன். பயனில்லை.

நரம்பியல் மருத்துவர் என்னைக் கூரையைப் பார்த்தபடியே இருக்கச் சொன்னார். சற்று நேரத்தில் இடது இமை சரிந்தது. ஒரு கையுறைக்குள் பனிக்கட்டி போட்டு முடிந்து இமைமேல் வைத்தார். எடுத்தபோது இமை உயர்ந்திருந்தது. அவர் சந்தேகித்ததை இரத்தப் பரிசோதனை உறுதிசெய்தது. மயஸ்தீனியா கிராவிஸ் (நரம்பின் செய்தி தசைக்குச் சரிவரப் போய்ச் சேராததால், பயன்படுத்தப் பயன்படுத்தத் தசை சோரும் நோய்). பைரிடோஸ்டிக்மின் (அந்தச் செய்தி சற்று நேரம் நின்று கேட்க உதவும் மாத்திரை) தந்தார். பின்னர் ஸ்டீரொயிட் (தன் உடலையே தாக்கும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து) சேர்ந்தது.

"எப்போது கூடும், எப்போது குறையும்?" என்று கேட்டேன்.

"காய்ச்சல் வந்தால் கூடலாம். தூக்கம் கெட்டால் கூடலாம். காரணமே இல்லாமலும் கூடலாம்."

குறித்துக்கொள்ளத் திறந்து வைத்திருந்த பேனையை மூடினேன்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு நோயாளி இருந்தார். ரதி மச்சாள், காலமான என் கணவரின் அக்கா. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தவர். செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் மருத்துவமனை வண்டி வந்து அவரை டயாலிசிஸுக்கு (இயந்திரத்தின் வழியே இரத்தத்தைச் சுத்திகரித்தல்) ஏற்றிச் செல்லும். மற்ற நாட்களில் எங்கள் முன்னறையில் கிரமர் பள்ளி (பரீட்சை வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரச பள்ளி) நுழைவுப் பரீட்சைக்குப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். அவரும் என்னைப்போலச் சொந்தத் தொழில் செய்பவர். என்னைப்போலவே யுனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரச உதவி) பெறுபவர்.

எனக்கு அவர்மேல் பொறாமை. இதைவிட மென்மையான சொல் கிடைக்கவில்லை.

அவருடைய நோய்க்குக் கிழமை இருந்தது. பிள்ளைகளின் தாய்மார், "ரீச்சர், திங்களோ புதனோ வசதி?" என்று கேட்டார்கள். நாளைக்கு ஏலுமோ என்று ஒருவரும் கேட்டதில்லை. அவர் கையில் ஃபிஸ்டுலா (ஊசி ஏற்றுவதற்காக நாடியையும் நாளத்தையும் இணைத்த இடம்) புடைத்து நிற்கும். கண்டவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். என்னைக் கண்டவர்கள், ஸ்டீரொயிட்டால் ஊதிய முகத்தைப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கிறியள் அக்கா. கன்னமெல்லாம் வைச்சு வடிவா வந்திட்டியள்" என்றார்கள்.

இதே நிலையில் இருப்பவர்களுக்காக ஒன்றை விளக்கிவிடுகிறேன். விதிகள் மாறக்கூடும், ஆலோசனை நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சொந்தத் தொழில் செய்பவரை அலுவலகத்துக்கு அழைத்துப் பேசுவார்கள். தொழில் ஒழுங்காக நடக்கிறது என்று முடிவானால், மாதந்தோறும் ஒரு தொகையை நீங்கள் உழைத்ததாகவே வைத்து உதவியைக் குறைக்கலாம், படுத்துக் கிடந்த மாதத்திலும். ஒழுங்காக நடக்கவில்லை என்றால் வேறு வேலை தேடச் சொல்லலாம். வேலைசெய்யும் திறன் நோயால் மட்டுப்பட்டது என்று தனியான மதிப்பீட்டில் ஏற்றுக்கொண்டால்தான் இரண்டு பக்கமும் இடிபடாமல் தொழிலை வைத்திருக்கலாம். மச்சாளுக்கு டயாலிசிஸ் என்ற ஒரு சொல்லில் அது முடிந்தது.

என்னை அழைத்த அலுவலர் மரியாதையான இளைஞர்.

"கிழமையில் எந்தெந்த நாட்கள் உங்களால் வேலை செய்ய முடியும்?"

"தெரியாது."

"சராசரியாக?"

"எனக்குச் சராசரியான நாள் வருவதில்லை."

அவருடைய விரல்கள் விசைப்பலகைமேல் காத்திருந்தன.

ஆவணி முகூர்த்தம் ஒன்றுக்கு முதல்நாள், கழுத்து தலையைத் தாங்க மறுத்தது. படுத்திருந்தேன். மணப்பெண்ணின் தாய் அழைத்தபோது மச்சாள்தான் தொலைபேசியை எடுத்தார். நோய் என்று சொன்னால் அடுத்த கலியாணத்துக்கு ஒருவரும் கூப்பிடமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

"கலாவுக்கு வர ஏலாது பிள்ளை. எங்களுக்குத் துடக்கு. பெரியப்பா ஊரிலை மோசம் போயிட்டார்."

இறப்பு நடந்த குடும்பத்தினர் சுபகாரியத்தில் கைவைப்பதில்லை. அந்தத் தாய் மறுபேச்சின்றி வேறொருத்தியைத் தேடிக்கொண்டார்.

"ஆரை மச்சாள் சாகடிச்சனீங்கள்?" என்று கேட்டேன். குரல் மூக்கால் வந்தது.

"பெரியப்பாவை."

"அவர் எப்பவோ செத்தவரெல்லே?"

"அதுதான். ஒருத்தருக்கும் நட்டமில்லை."

நட்டம் எனக்கு வந்தது. ஒரு கிழமைக்குள் எழும்பிவிட்டேன். துடக்கு கழியவில்லை. அது முப்பத்தொரு நாள். செய்தி பரவி, அந்த மாதத்து முகூர்த்தங்கள் எல்லாம் என்னைக் கடந்து போயின. மச்சாளுக்கும் அதே துடக்குத்தான். ஆனால் கணக்குக்குத் துடக்கில்லை. பிள்ளைகள் வழக்கம்போல வந்து முன்னறையில் பின்னங்களைச் சுருக்கிக்கொண்டிருந்தார்கள். நான் சுகமாக, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

செவன் கிங்ஸிலிருந்து பழைய வாடிக்கையாளர் ஒருவர் துக்கம் விசாரிக்க வந்தார். மரக்கறிச் சாப்பாடும் கொண்டு வந்திருந்தார்.

"பெரியப்பாவுக்கு என்ன வருத்தம்?"

"கிட்னி," என்றார் மச்சாள்.

"அவரும் உங்களைமாதிரிக் கிழமைக்கு மூண்டுதரமோ?"

"ஓம், ஓம். செவ்வாய், வியாழன், சனி."

நடக்காத சாவுக்குக்கூட ஒழுங்கான நோய் கிடைத்திருந்தது. நான் எழுந்து குசினிக்குப் போய்விட்டேன்.

அடுத்த சந்திப்பில் அலுவலர் அந்த வெறும் மாதத்தைப் பற்றிக் கேட்டார். சில நாட்கள் நோய் என்றும் மிச்சம் சாவு வீட்டுத் துடக்கு என்ற வழக்கம் என்றும் சொன்னேன்.

"யார் இறந்தார்?"

"யாரும் இறக்கவில்லை."

அவர் என்னைப் பார்த்தார். முழுவதையும் சொன்னேன். நோயைச் சொல்ல முடியாத தொழிலில் இருப்பதால் சாவைச் சொல்ல வேண்டியிருந்தது என்றேன். அவர் சிரிக்கவில்லை. மதிப்பீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்.

மதிப்பீடு தொலைபேசியில், ஒரு புதன்கிழமை காலையில். காலையில் நான் சுகமானவள்.

"பின்னேரத்துக்கு மாத்தச் சொல்லு," என்றார் மச்சாள்.

"மாத்தினா எப்ப தருவினமோ தெரியாது."

தொடக்கத்தில் என் குரல் மணிபோல இருந்தது. அதைக் கேட்க எனக்கே எரிச்சலாக இருந்தது. நடப்பது, குளிப்பது, சமைப்பது என்று கேள்விகள் நீண்டன. மெல்ல மெல்ல எழுத்துகள் கரையத் தொடங்கின. 'த'வும் 'ட'வும் மூக்குக்குள் போயின. நிறுத்தி இன்னொரு நாள் தொடரலாமா என்று மதிப்பீடு செய்த பெண் கேட்டார். ஓம் என்று சொல்லும்படி மச்சாள் கையால் காட்டினார். நான் தலையாட்டி மறுத்தேன். இத்தனை காலமும் வாடிக்கையாளரிடமிருந்து ஒளித்து வைத்திருந்த அந்தக் குரலை அன்று முழுவதுமாக உடைய விட்டேன். கடைசிப் பதில் எனக்கு மட்டுமே விளங்கியது.

தீபாவளிக்கு முன் முடிவு வந்தது. திறன் மட்டுப்பட்டது என்று ஏற்றுக்கொண்டிருந்தார்கள். தொழிலை விட வேண்டியதில்லை. உழைக்காத காசை உழைத்ததாக வைக்கமாட்டார்கள்.

மச்சாள் டயாலிசிஸ் முடிந்து வந்து சோபாவில் சாய்ந்திருந்தார். கையில் தண்ணீர்க் கோப்பையுடன் போய்ச் சொன்னேன்.

"இனி நானும் உங்களைமாதிரித்தான் மச்சாள்."

அவர் என் கோப்பையைப் பார்த்தார். சிறுநீர் பிரியாதவர் என்பதால் அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்த தண்ணீர்.

"என்னைமாதிரியோ? நீ மடக்கு மடக்கெண்டு குடிக்கிற சத்தம் கேக்கக் கூடாதெண்டுதான் நான் அங்கால எழும்பிப் போறனான்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"வையாதை, குடி. காலமை நீ சாறியும் உடுத்து, பெட்டியையும் தூக்கிக்கொண்டு படியிறங்கேக்கை எனக்கு வயிறு எரியும். எனக்கு நல்ல நாளெண்டு ஒண்டில்லையடி. செவ்வாய் மிசின், புதன் களைப்பு. நாள் தெரிஞ்சு என்ன செய்யிறது?"

"ஒருநாளும் சொல்லேல்லையே."

"நீ மட்டும் சொன்னனியோ?"

என் பொறாமை அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

இப்போது ஒவ்வொரு மணப்பெண்ணின் தாயிடமும் நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஏலாவிட்டால் வருவதற்கு இன்னொரு பெண்ணை ஒழுங்கு செய்திருப்பதையும் சொல்கிறேன். சிலர் மீண்டும் அழைப்பதில்லை. அழைத்தவர்களுக்கும், வருவது நானா அவளா என்பதை அன்று காலையில்தான் சொல்ல முடியும்.

கார்த்திகையில் ஒரு முகூர்த்தம், அதுவும் சனிக்கிழமை. இரண்டு இமைகளும் திறந்திருந்தன. பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன், கை தாங்கியது. மச்சாள் முன்னறையில் கோட் போட்டுக்கொண்டு மருத்துவமனை வண்டிக்குக் காத்திருந்தார். நான் வாசலைக் கடக்கும்வரை அவர் பார்த்துக்கொண்டிருப்பது முதுகில் தெரிந்தது. அவர் ஏறப்போகும் வண்டி சொன்ன நேரத்துக்கு வரும் என்ற எண்ணம் என்னையும் ஒருமுறை கடித்துவிட்டுத்தான் போனது. அதற்குப் பிறகு, இன்னொருவர் ஆசைப்படும் உடம்பு ஒன்றுடன் தெருவில் இறங்கியிருக்கிறேன் என்பது மெல்ல உறைத்தது. அந்த உடம்பு அன்று மத்தியானம் வரைக்கும் வருமா என்று தெரியாது. ஸ்டேஷன் பக்கம் நடந்தேன், அவசரப்படாமல்.