வெள்ளத்தில் மிதந்த சீனக் கிண்ணங்கள்

மூங்கில் குச்சி பீங்கான் விளிம்பைத் தொடும்போது எழும் ஒலி, காதில் விழுவதற்கு முன்பே எனக்குப் பல் கூசும். அம்மா ஜலதரங்கம் வாசிப்பவள். கிண்ணங்களை அரைவட்டமாகப் பரப்பி, சுருதிக்குத் தக்கபடி ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றித் தட்டுகிற வாத்தியம் அது. எங்களுடையவை பழைய சீனப் பீங்கான். கப்பலேறி வந்து, மயிலாப்பூரில் அம்மாவின் பெரியப்பாவிடம் இருந்து, பிறகு வேளச்சேரியில் எங்கள் தரைத்தளத்து வீட்டுக்கு வந்தவை. அந்தப் பளபளப்பான பூச்சு கெட்டியாக இருப்பதால்தான் நாதம் அப்படி நிற்கிறது, புதுக் கிண்ணமெல்லாம் சட்டி மாதிரி பேசும் என்று அம்மா உதட்டைப் பிதுக்குவாள். வீட்டில் அவற்றுக்கு, ஏதோ விருந்தாளிகள் போல, 'சீனாக்காரா' என்று பெயர். அவர்கள் தரையில் அமர்ந்திருக்கும் வேளையில் நானும் அப்பாவும் சொந்த வீட்டிலேயே திருடர்களைப் போல நடப்போம்.

நான் ஆறாவது படித்த வருஷம், மழை விடாமல் கொட்டிய ஒரு காலையில், அப்பா தரமணி ஆபீசில் மாட்டிக்கொண்டிருந்தார். சாதகத்துக்காக அம்மா கிண்ணங்களைப் பரப்பியிருந்தாள், இன்னும் தண்ணீர் ஊற்றவில்லை. நாங்கள் அரிசியையும் என் புத்தகங்களையும் பரணில் ஏற்றி முடிப்பதற்குள் தெருத் தண்ணீர் கூடத்துக்குள் வந்துவிட்டது. காலிக் கிண்ணங்கள் ஒவ்வொன்றாக எழும்பி மிதந்தன, மிதந்து ஒன்றோடொன்று மோதின. தட்டுவார் இல்லாமல் அவை தாமாக ஒலித்தன.

தண்ணீர் அம்மாவின் இடுப்புக்கு ஏறியபோது, பட்டினப்பாக்கத்து மீனவர் ஒருவர் வாசலுக்குப் படகைக் கொண்டுவந்து என்னைத் தூக்கி உட்காரவைத்தார். கிண்ணங்களைப் பரணில் வைக்க ஏறலாமென்றால் தண்ணீரில் ஸ்டூல் நிற்கவில்லை. மேசையில் வைத்தால் மேசையே மிதந்து கவிழும். கிண்ணங்களைப் படகில் ஏற்றலாமா என்று அம்மா கேட்டாள்.

"ஆளுக்கே எடம் இல்ல. இன்னாம்மா, கிண்ணிய பாத்துகினு நிக்கிற? தண்ணி ஏறிக்கினே கீது."

"நீ உக்காந்திருடீ, இதோ வந்துட்டேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

படகிலிருந்து அவள் தெரியவில்லை, கிண்ணங்களின் ஒலி மட்டும் கேட்டது. அவற்றை ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் அமுக்கி நிரப்பி, இடைவெளி விட்டுத் தரையில் இருத்திக்கொண்டிருந்தாள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். நிரம்பி அடியில் உட்கார்ந்த கிண்ணம் மிதக்காது, மோதாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒலி குறைந்துகொண்டே வந்து முற்றிலும் நின்றுபோனதுதான். அம்மா மூழ்கிவிட்டாள் என்று நினைத்தேன். மீனவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே இறங்கி, அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

வெள்ளம் வடிந்தபின் சேற்றைத் துழாவி எடுத்தோம். ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

இப்போது அடையாறில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். அம்மா அதே கிண்ணங்களைத்தான் சபாக்களில் வாசிக்கிறாள். அந்த இசையைப் பயமில்லாமல் கேட்ட என் காதுதான் போய்விட்டது. அவள் வாசித்து முடித்து, கடைசி ஒலியும் அடங்கி, எல்லோரும் கைதட்டத் தொடங்குவதற்கு முன் நான் எழுந்து நின்று, மேடையில் அம்மா இருக்கிறாளா என்று பார்க்கிறேன்.