மூட்டைக்கு நடுவே வேப்பிலை

போன மாதம் எங்கள் குடோனில் ஒரு கன்டெய்னரைப் பூட்டி, சீல் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். அப்போது அம்மா ஒரு விஷயம் சொன்னாள். எடுத்த சோறு கையிலேயே நின்றுவிட்டது எனக்கு.

புதிதாகப் படிப்பவர்களுக்காக – திண்டிவனத்துக்குப் பக்கத்தில் வேர்க்கடலை ஏற்றுமதி செய்யும் குடோன் எங்களுடையது. எங்கள் ஊரில் அதை மல்லாட்டை என்போம். அம்மா அங்கே சொத்தைப் பருப்பு பொறுக்குகிறாள். நான் ஆபீஸ் அறையில் ஏற்றுமதிப் பேப்பர்களைப் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான். இதை அடிக்கடி சொல்கிறேனா? சொல்வேன்.

அன்று போனது வியட்நாம் சரக்கு. புதுப் பார்ட்டி, முதல் ஆர்டர். இது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்தது வரும். பேப்பரில் எப்போதும் எங்கள் முதலாளி பாய்தான் கையெழுத்துப் போடுவார். இந்த முறை, "நீயே போடும்மா" என்று பேனாவை என்னிடம் தள்ளிவிட்டார்.

இப்போது அம்மா சொன்னது:

"கதவு சாத்தறதுக்கு முன்னாடி ஒரு கொத்து வேப்பிலை சொருவிட்டு வந்தேன்டி. கடைசி வரிசையில, மூட்டைக்கு நடுவுல. இனிமே ஒண்ணியும் ஆவாது."

"உள்ளியா வச்ச?"

"பின்ன? வெளிய கட்னா காத்துல பூடாதா?"

கஸ்டம்ஸ் என்றால் வரி வாங்குவது என்றுதான் நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். வரி ஒரு பாதி. மறு பாதி பயம். ஒவ்வொரு நாட்டுக்கும் அடுத்த நாட்டுப் பூச்சி மேல் பயம். அதனால் மருந்துப் புகை போட்டு, சாம்பிள் கொடுத்து, 'பூச்சி இல்லை, மண் இல்லை, வேறு இலை தழை இல்லை' என்று சான்றிதழ் வாங்கித்தான் அனுப்புகிறோம். விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது... பார்க்காததால்தான் இத்தனை பேப்பர்.

நமக்கு வேப்பிலை அம்மன். அந்தத் துறைமுகத்து அதிகாரிக்கு? சொல்லாமல் வந்த பச்சை இலை. மொத்தச் சரக்கையும் அவர் திருப்பி அனுப்பலாம்.

வண்டி வாசலில்தான் நின்றது. டிரைவர் சாப்பிட்டு வந்ததும் கிளம்பிவிடும். பாயிடம் சொன்னால் அம்மாவுக்கு வேலை இருக்குமா? சொல்லாவிட்டால் எங்கள் யாருக்காவது இருக்குமா? என் முகத்தைப் பார்த்தே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கையைக் கழுவினாள்.

"திட்னா என்னிய திட்டட்டும். நீ பேசாத வா."

எனக்கு முன்னால் நடந்தாள்.

பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். "பேஜாரு பண்ணிட்டியேம்மா... வேப்பிலை மட்டுந்தானா?"

அம்மா தரையைப் பார்த்தாள். "ஒரே ஒரு எலுமிச்சம்பழம்."

"பழத்த டயருக்குக் கீழ வைப்பாங்க. நீ உள்ள வச்சி அனுப்புற. வெத்தல பாக்கும் வச்சிருந்தா நிச்சயதார்த்தமே முடிஞ்சிருக்கும்."

சிரிப்பா கோபமா என்று தெரியாத குரல். நான் சென்னையில் எங்கள் கஸ்டம்ஸ் ஏஜென்டுக்குப் போன் போட்டேன்.

"வண்டி கெளம்பலயே? அப்ப தப்பிச்சீங்க," என்றார் அவர். "புது சீல் போட்டு பேப்பர்ல நம்பர மாத்துங்க. நடந்தத அப்படியே எழுதி எனக்கு ஒரு மெயில் போடுங்க. ஜல்தி."

இந்த சீலுக்குச் சாவி கிடையாது, வெட்டத்தான் வேண்டும். வெட்டினோம். அம்மாவே ஏறி வேப்பிலையையும் பழத்தையும் எடுத்து வந்தாள். ஒரு இலைகூட உதிர்ந்து கிடக்கவில்லை என்று நானும் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

"ஏம்மா," என்றார் பாய், "இங்கேருந்து எத்தினி கன்டெய்னர் போயிருக்கு. ஒரு நாளும் வைக்காதவ இன்னிக்கு ஏன் வச்ச?"

"அதெல்லாம் உங்க கையெழுத்துல போச்சு பாய். இதுல எம்பொண்ணு கையெழுத்து இல்ல போவுது? கடல் தாண்டி... தனியா..."

பாய் புது சீலை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா மாட்டினாள், நான் நம்பரைக் குறித்துக்கொண்டேன்.

முந்தாநாள் மெயில் வந்தது. சரக்கு இறங்கி, சோதனை முடிந்து, பார்ட்டி கைக்குப் போய்விட்டது. அடுத்த ஆர்டரும் கேட்டிருக்கிறார்கள். ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா முறத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"சரி, தின்னுப் பாத்தாங்களாமா? நல்லா கீதாமா?"

எடை கேட்கிறார்கள், ஈரம் கேட்கிறார்கள், எந்த ஊரில் விளைந்தது என்று கேட்கிறார்கள். இதைக் கேட்கிற ஒரு பேப்பரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நேற்று அவர்களுக்குப் போன மெயிலில் அம்மா கேட்டதைக் கடைசி வரியாகச் சேர்த்துவிட்டேன் – பாயிடம் கேட்காமலே.