சம்பந்தியம்மாளுக்கு ஒரு கொடி

2025 ஜூன் 17, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு பத்து. மேகமூட்டம், மேற்கே இருந்து காற்று, மழை இல்லை. சித்தூரில் என் வீட்டு மாடியில் ஆறு பைகளில், பைக்கு நான்காக, இருபத்து நான்கு அனபகாய் விதைகளை ஊன்றினேன்.

அனபகாய் எங்கள் பக்கத்து அவரை வகை. மொச்சை போலக் கொட்டை திரளும். ஊறவைத்துத் தோலைப் பிதுக்கிக் குழம்பு வைப்போம். சித்தூரில் தமிழ் பேசுகிறவரும் தெலுங்கு பேசுகிறவரும் அதை அப்படித்தான் சொல்வார்கள்.

ஊன்றியது எனக்காக அல்ல, சம்பந்தியம்மாளுக்காக. என் மகள் திருப்பதியில் வேலை பார்க்கிறாள். கைக்குழந்தை இருக்கிறது. பகலில் அதைப் பார்த்துக்கொள்வது கோதாவரிப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் அவள் மாமியார். முந்தின நாள் மகள் போன் செய்தாள்.

"நைனா, அத்தம்மா ஊருக்குப் போறேன்றாங்க. அடுத்த மாசம் ஒம்பதாந் தேதிக்கு டிக்கெட் போட்டாச்சு."

"ஏம்மா, சண்டையா?"

"சண்ட போட்டாக்கூட பரவால்லியே. ஒண்ணும் பேசாம ஜன்னலண்ட ஒக்காந்துக்கினு கீறாங்க. ஊர்ல கொல்லையில ஆனபகாய்க் கொடியாவது இருக்கும், இங்க நாலு செவுருதான் கீதாம். அவங்க போய்ட்டா கொழந்தைய யாரு பாக்கறது? நான் வேலைய வுட்டுட வேண்டிதுதான்."

மாங்கூழ் தொழிற்சாலையின் எடைமேடையில் முப்பத்தோரு வருடம் கணக்கெழுதியவன் நான். லாரியில் பத்துக் கிலோ குறைந்தாலும் சொல்லிவிடுவேன். ஒரு கொடியை வளர்த்துக் கொண்டுபோய் வைப்பது எனக்குப் பெரிய வேலையாகத் தோன்றவில்லை. அன்று மாலையே கடைக்குப் போய் நாற்பது ரூபாய்க்கு விதை வாங்கினேன். மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் இந்த வயதில் மாடிப்படி ஏறாதே என்பாள்.

ஐந்தாம் நாள் பதினொன்று முளைத்தன. ஏழாம் நாள் பத்தொன்பது. மீதி ஐந்தில் ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன், அழுகியிருந்தது. தண்ணீர் அதிகம். அன்றிலிருந்து பைக்கு ஒரு டம்ளர், அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. அணிலுக்குப் பயந்து பழைய கொசுவலையைக் கட்டினேன். எறும்புக்குப் பயந்து பைகளைச் சுற்றி மஞ்சள் தூவினேன். காற்றடித்தால் எழுந்து போய்ப் பார்த்தேன். ஜூலை ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, செடிகள் ஒரு சாண் உயரம் வந்து நுனி வளையத் தொடங்கியிருந்தன. நல்லதாக இரண்டு பைகளைக் கட்டைப்பைகளில் வைத்துக்கொண்டு திருப்பதி பஸ்ஸில் ஏறினேன்.

"இன்னா பெரியவரே, தோட்டத்தையே பேத்து எட்த்துக்கினு வர்றீங்க?" என்றார் கண்டக்டர். "லக்கேஜ் போடணும்."

"ரெண்டு செடிக்கு லக்கேஜா?"

"செடிக்கு இல்ல, மண்ணுக்கு. சீட்டுமேல குந்திக்கினு கீது பாருங்க, மாமியார் மாதிரி."

ஐம்பது ரூபாய். பூதலப்பட்டில் வாதாட ஆரம்பித்தேன், சந்திரகிரியில் கொடுத்தேன்.

மகள் வீட்டில் சம்பந்தியம்மாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு பைகளையும் அவர் முன்னால் இறக்கி வைத்து, "மீ அனபகாய், அம்மா" என்றேன், உங்கள் அனபகாய் என்று. நாங்கள் பேசுவது தெலுங்கில்தான்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓர் இலையைப் பிடித்துப் பார்த்தார். ஒரே காம்பில் மூன்று இலை.

"இதி சிக்குடு கதா, அன்னய்யகாரு!" என்றார். இது அவரையாயிற்றே என்று பொருள்.

"அவரையில ஒரு வகைம்மா. நீங்க கேட்டதுதான்."

"நான் எங்க சிக்குடு கேட்டேன்? ஆனபகாய் கேட்டேன்."

"அதுதாம்மா இது."

"அது இல்ல இது."

இப்படியே போய்க்கொண்டிருந்தால் இரவாகியிருக்கும். மகள் போனை எடுத்து மாமியார் சொன்னபடி தேடி ஒரு படத்தைக் காட்டினாள். பச்சையாக, நீளமாக, குழந்தையின் தொடை போல.

"இது சொரக்காய்!" என்றேன்.

"உங்களுக்குச் சொரகாய். எங்க பக்கம் ஆனபகாய்."

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று ஐந்தாம் வகுப்பிலேயே படித்தாயிற்று. போனில் மகள் 'ஆ' என்று இழுத்தது காதில் விழத்தான் செய்தது. கோதாவரிக்காரர்கள் எல்லாவற்றையும் இழுத்துத்தான் பேசுவார்கள், இவளும் மாமியாரோடு இருந்து பழகிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"லாரி லாரியா எட போட்டியே நைனா, ஒரு எழுத்த எட போடாம வுட்டுட்டியே!" என்று மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சம்பந்தியம்மாள் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. குழந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"சரி, இது எப்ப காய்க்கும்?" என்றார்.

"மார்கழிப் பனி விழணும். அதுக்கு முன்னால பூக்காது."

"அரை வருஷமா! எங்க ஆனப ரெண்டே மாசத்துல காய்க்கும்."

"இந்தத் திருப்பதி வெயிலுக்கா?"

"வெயில் அதுக்கு இன்னா பண்ணும்? தொட்டி பெருசா இருக்கணும், பந்தல் கெட்டியா இருக்கணும். நீங்க கட்ற நூல்ல சிக்குடுதான் தொங்கும்."

அப்போதே தம்பிக்குப் போன் போட்டு விதை அனுப்பச் சொன்னார். வியாழக்கிழமை கூரியரில் வந்துவிடுமாம். ரயிலோ புதன்கிழமை. மகள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். கேட்டது நான்தான்.

"வியாழக்கிழமை நீங்க ஊர்ல இருப்பீங்களே அம்மா. வெதைய யாரு ஊன்றது?"

சம்பந்தியம்மாள் மருமகளைக் காட்டினார். "இவளா ஊன்றுவா? கறிவேப்பிலைச் செடியையே தண்ணி ஊத்திக் கொன்னவ. நீங்களா? உங்களுக்குச் சொரகாய் எது, சிக்குடு எதுன்னே தெரியாது." பிறகு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "டிக்கெட்டை ரத்து பண்ணிடும்மா" என்றார். அதுவரை எந்தத் திட்டுக்கும் மகளின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

அன்று மாலையே தொட்டி, மூங்கில், கம்பி வாங்கினேன். வீட்டுக்காரரிடம் கேட்டு மொட்டைமாடியில் பந்தல் போட்டோம். ஒவ்வொரு முடிச்சையும் சம்பந்தியம்மாள் இழுத்துப் பார்த்தார், இரண்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டச் சொன்னார். புரட்டாசியில் சுரைக்காய் வந்தது. மார்கழியில் அதே பந்தலின் மறுபக்கம் என் அனபகாய் பூத்தது. கொட்டையைப் பிதுக்கக் கற்றுக்கொண்ட பிறகும், அதைச் சிக்குடு என்றுதான் சொல்கிறார். குழந்தை நடக்கிறது. மகள் காலை ஒன்பது மணிக்கு வேலைக்குப் போகிறாள்.

விதை, பைகள், எரு, பஸ், லக்கேஜ், ஆட்டோ, தொட்டி, மூங்கில், கம்பி, டிக்கெட்டை ரத்து செய்ததற்குப் பிடித்த நூற்றிருபது, எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.