வேப்பம்பட்டு முதல் பூந்தமல்லி வரை: ஸ்டேஷனுக்கு ஒரு டாக்டர்

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் பயணங்களின் தரம் தெரியும். மலை ஏறச் சொன்னால் முட்டி அழும், வெளிநாடு போகச் சொன்னால் வீட்டுக்காரர் அழுவார். எனவே அயனம்பாக்கத்திலிருந்து அரை நாளில் போய்த் திரும்பக்கூடிய ஊர்களாகப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஏரிக்கரையில் நடந்ததையே மூன்று பகுதிகளாக எழுதியவள் நான். வேப்பம்பட்டைப் பற்றி எழுதுங்கள் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். என் நாத்தனார் மல்லிகாவும் அங்கேதான் இருக்கிறாள். அவள் மகள் ரேவதிக்கு வளைகாப்பு வைத்திருந்தார்கள், புடவை எடுக்க வேண்டும். ஆக, ஊரையும் பார்க்கலாம், புடவையும் எடுக்கலாம், சம்பந்தி வீட்டுக் கதையும் கேட்கலாம் என்று இந்த ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினேன்.

அயனம்பாக்கத்திலிருந்து அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் நூற்றிருபது ரூபாய். நூற்றைம்பது என்று ஆரம்பித்தார். என் பேச்சைக் கேட்க முடியாமல் அவரே குறைத்துவிட்டார். அங்கிருந்து திருவள்ளூர் லோக்கலில் பத்து ரூபாய், முக்கால் மணி நேரத்துக்குள் வேப்பம்பட்டு. ஆவடி தாண்டியதும் காற்று உள்ளே வரும், ஜன்னல் பக்கம் உட்காருங்கள். ஊர் எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். நான் பார்க்கவில்லை. மன்னித்துவிடுங்கள்.

மல்லிகா ஸ்டேஷனிலேயே நின்றிருந்தாள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் தையல் வேலை, அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். அவள் கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். அவளைப் பார்த்ததும் எனக்கு வழக்கம்போல வயிற்றெரிச்சல். ஆறு மாதமாக விசேஷத்துக்கு விசேஷம் இளைத்துக்கொண்டே வருகிறாள். சித்திரையில் ஒரு கல்யாணத்தில் நானே தனியாக இழுத்துப்போய், என்ன சாப்பிடுகிறாய் என்று ரகசியம் கேட்டேன். கம்பங்கூழ் என்றாள். நானும் பதினைந்து நாள் கூழ் குடித்து, இரண்டு கிலோ ஏறியதுதான் மிச்சம்.

அம்பத்தூரில் முதலில் புடவையை எடுத்துவிடலாம் என்றாள், அடுத்த ரயிலிலேயே திரும்பினோம். ரயிலில் கூட்டம். ஏறி நின்றதும் மல்லிகாவுக்கு இருமல் வந்தது. சாதாரண இருமல் இல்லை, அடிவயிற்றிலிருந்து கிளம்பி ஆளையே இரண்டாக மடக்கியது. எதிர் சீட்டில் இருந்த இரண்டு பேர் எழுந்து கதவுப் பக்கம் போய்விட்டார்கள்.

"உக்காருங்க அண்ணி," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "என் கூட வந்தா எப்பவும் சீட்டு கெடைக்கும்."

சிரித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அப்போதுதான் அவள் ஜாக்கெட்டைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஊக்கு குத்திப் பிடித்திருந்தாள். ஊரெல்லாம் அளவு பார்த்துத் தைக்கிறவள், தன் ஜாக்கெட்டில் ஊக்கு குத்தியிருக்கிறாள். கூழ் குடித்து இளைத்தவள் அப்படி இருக்க மாட்டாள் என்று என் மர மண்டைக்கு அப்போதுதான் உறைத்தது.

டாக்டரிடம் போனாயா என்று கேட்டேன். போனேன் என்றாள். எந்த டாக்டர் என்றேன். ஒவ்வொரு ஸ்டேஷனாக ஜன்னல் வழியாகக் காட்டினாள். வாசகர்களே, நான் இத்தனை வருடம் எழுதியதில் இப்படி ஒரு சுற்றுலாவை எந்த வழிகாட்டியும் எனக்குக் காட்டியதில்லை.

வேப்பம்பட்டில் ஸ்டேஷனுக்குப் பக்கத்து மருந்துக்கடை. இருமல் என்று சொன்னதும் ஒரு சிரப், கூட நாலு மாத்திரை. அடுத்து திருநின்றவூர். அங்கே மாடியில் ஒரு கிளினிக். பஞ்சுத் தூசி அலர்ஜி என்று சொல்லி ஊசி போட்டு, ஐந்து நாளைக்கு வீரியமான மாத்திரை. இருமல் ஒரு வாரம் அடங்கியது, பிறகு வந்தது. அதற்குப் பிறகு பட்டாபிராம். அங்கே அது சைனஸ் ஆனது. இன்னும் வீரியமான மாத்திரை, மறுபடி ஒரு வாரம் அடங்கியது. ஆவடியில் ஒரு நர்சிங் ஹோம். அங்கே ஈ.சி.ஜி., வயிற்று ஸ்கேன், ரத்தத்தில் பதினாறு வகை, எல்லாம் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம். முடிவு, கேஸ் ட்ரபிள். இருமுகிற பெண்ணின் வயிற்றை ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். நல்லவேளை, கண்ணாடி போடச் சொல்லவில்லை.

ஒரே டாக்டரிடம் ஏன் மறுபடி போகவில்லை என்று கேட்டேன்.

"ஒரு டாக்டராண்ட ரெண்டு வாட்டி போனா நர்ஸம்மாவுக்கு மொகம் தெரிஞ்சிடும் அண்ணி. அவங்க யாருக்கு இன்னா சொந்தமோ. பூந்தமல்லிக்கு சேதி போச்சின்னா ரேவதிய பிரசவத்துக்கு நம்ம ஊட்டுக்கு அனுப்புவாங்களா?"

பூந்தமல்லியில்தான் ரேவதியின் மாமியார் வீடு. வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துவர மல்லிகா அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து வைத்திருந்தாள். அந்தப் பயத்தில்தான் ஸ்டேஷனுக்கு ஒரு டாக்டராக இறங்கி ஏறியிருக்கிறாள். இதில் இன்னொரு கோளாறு. எத்தனை நாளாக இருமல் என்று ஒவ்வொருவரும் கேட்டிருக்கிறார்கள். இவள் கடைசி மாத்திரை முடிந்து இருமல் திரும்பிய நாளிலிருந்து எண்ணி, ஒரு வாரம் என்று சொல்லியிருக்கிறாள். பொய் சொன்னதாக அவள் நினைக்கவே இல்லை. மாத்திரை சாப்பிட்டதும் பழைய இருமல் தீர்ந்தது, இது புது இருமல். அவள் கணக்கு அது. சரி, அவள் அப்படித்தான் சொல்லுவாள். அதற்கு முன்னால் இருமல் இருந்ததா, உடம்பு இளைத்ததா, சாயங்காலம் காய்ச்சல் வருகிறதா என்று அடுத்த கேள்வி கேட்க வேண்டியது யார்? நாலு பேரும் படித்தது எதற்கு?

அம்பத்தூரில் இறங்கினோம். புடவைக் கடைக்குப் போகவில்லை. எங்கள் குடும்பத்தை வெகு காலமாகத் திட்டி வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் இழுத்துப் போனேன். கட்டணம் முந்நூறு. அவரும் எத்தனை நாளாக என்று கேட்டார். மல்லிகா ஒரு வாரம் என்றாள். அவரும் தலையாட்டிவிட்டு மாத்திரை எழுத ஆரம்பித்தார். எனக்கு வந்த கோபத்தில் மேஜையைத் தட்டிவிட்டேன்.

என் பெரிய குறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். எந்த விசேஷத்தில் யார் என்ன கட்டினார்கள், யார் யாரோடு பேசவில்லை, யார் இரண்டாம் பந்தியில் கோபித்துக்கொண்டு போனார்கள் என்பதெல்லாம் எனக்கு மறக்காது. அதைக் கொட்டினேன். பொங்கலன்று இருமினாள், அடுப்புப் புகை என்றாள். மாசியில் காதுகுத்தில் இருமினாள், குழந்தை அழுததே இவள் இருமலுக்குத்தான். பங்குனியில் கிரகப்பிரவேசம், ஹோமப் புகை என்று சொல்லி வெளியே போய் நின்றாள். சித்திரைக் கல்யாண வீடியோவில் தாலி கட்டும்போது கெட்டிமேளத்துக்கு மேலே இவள் இருமல் கேட்கிறது, வேண்டுமானால் போட்டுக் காட்டுகிறேன். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அன்றைக்கே எக்ஸ்ரே, நானூறு ரூபாய். நுரையீரலில் மேலே இரண்டு பக்கமும் நிழல். டி.பி. மாதிரி தெரிகிறது, சளிப் பரிசோதனை செய்தாக வேண்டும், அரசாங்கத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம் என்றார். மல்லிகா நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மகளுக்கு வளையல் போடலாமா என்று கேட்டாள். வளைகாப்புக்கு முழுதாக மூன்று வாரம்கூட இல்லை. மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரமாவது போகட்டும், அப்புறம் பார்த்துச் சொல்கிறேன், நாளைக்கே போனால் நேரம் இருக்கிறது என்று சொல்லி, அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மறுநாளே போனோம். எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன், ரயில் பாதையில் எங்கேயோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேர வரிசை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சீட்டைப் பார்த்தார், பிறகு ஆதாரைப் பார்த்தார்.

"வேப்பம்பட்டா? அது திருவள்ளூர் ஜில்லாம்மா. எங்க லிமிட்ல வராது. உங்க ஊராண்டயே போய்க் குடுங்க."

இங்கேதான் சார் இவள் வேலை செய்கிறாள், தினமும் இங்கேதான் மூச்சு விடுகிறாள் என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அம்பத்தூரில் எடுத்த புடவையைத் திருவள்ளூர்க் கிளையில் மாற்றித் தருகிறான் கடைக்காரன். சீசன் டிக்கெட்டைக் காட்டி ஜில்லா தாண்டி ஜில்லா போகலாம். கிருமி டிக்கெட்டே எடுக்காமல் போகிறது. சளி மட்டும் லிமிட் தாண்டக் கூடாதாம். எங்கே வேண்டுமானாலும் சளி கொடுக்கலாம், பிறகு ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று எங்கள் டாக்டர் பின்னால் சொன்னார். அந்த ஜன்னலுக்கு அது தெரியவில்லையா, அன்றைக்குத் தெரிய வேண்டாம் என்று இருந்ததா, எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வியாழக்கிழமை அவள் ஊர்ப்பக்கத்து ஆஸ்பத்திரி. பதினோரு மணிக்கு மேல் சளி வாங்க மாட்டோம் என்று ஒரு டப்பாவைக் கையில் கொடுத்து, காலையில் எழுந்ததும் எடுத்துவரச் சொன்னார்கள். எப்படி எடுப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. மல்லிகா மானமுள்ளவள். ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிறோமே, அசிங்கமாகக் கொடுக்கலாமா என்று பல் தேய்த்து, வாய் கொப்பளித்து, கண்ணாடி மாதிரி எச்சிலைத் துப்பி எடுத்துப்போனாள். இது சளி இல்லை, எச்சில் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை போயிற்று. சனி, ஞாயிறு லேப் இல்லை. திங்கட்கிழமை நெஞ்சிலிருந்து காறிக் கொடுத்தாள். செவ்வாய் மாலை டி.பி. உறுதி. புதன்கிழமை காலையில் முதல் மாத்திரை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் போட்டேன், நூறு தடவை. வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை மாத்திரைக்குப் பன்னிரண்டாம் நாள். பொங்கலிலிருந்து போன மாதங்கள் போகட்டும். ஒரு ஜன்னலும் ஒரு டப்பாவும் விழுங்கியதில் இரண்டு நாளைத் திருப்பித் தந்திருந்தால்கூடப் போதும். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. அடைத்த மண்டபம், வயிற்றில் பிள்ளை உள்ள பெண், வேண்டாம் என்றார்.

நான் ஒரு பொய் தயாரித்துக் கொடுத்தேன். வைரல் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம், எனக்கு வாய் சாமர்த்தியம் உண்டு. மல்லிகா கேட்கவில்லை. ஒளித்து ஒளித்துத்தான் இவ்வளவு தூரம் வந்தது என்று சொல்லி, அவளே போனை எடுத்து மகளிடமும் சம்பந்தியம்மாவிடமும் சொல்லிவிட்டாள். சம்பந்தியம்மா மரியாதையாகத்தான் பேசினார். உடம்பைப் பாருங்கள், பெண் பிரசவம் வரைக்கும் இங்கேயே இருக்கட்டும் என்றார். அது அக்கறையா, பயமா என்று மல்லிகா என்னிடம் கேட்டாள். எனக்கே சொல்லத் தெரியாமல் போனது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை ஆவடியிலிருந்து பூந்தமல்லி, பத்து கிலோமீட்டர் சொச்சம். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஜன்னல் திறந்திருந்தது. மல்லிகா முகக்கவசம் போட்டுக்கொண்டு என்னோடு வந்தாள். மண்டபத்துக்குள் வரவில்லை, வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். அவள் பங்கு வளையலை நான் போட்டேன். என் குண்டு விரலுக்கு வளையல் நழுவி நழுவிப் போனது. ஊசி போட வந்த நர்ஸைப் பார்க்கிற மாதிரி ரேவதி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போட்டு முடித்ததும் அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். பின்னாலேயே நானும் ஓடினேன். படியில் நின்றாள், அம்மா மரத்தடியில், நடுவே பத்தடி.

"பொங்கல்லேர்ந்து இருமிக்கினு கீற. நான் கேட்டப்ப எல்லாம் அலர்ஜின்ன. யாரு மேல கோவப்படறதுன்னே தெரியலம்மா."

"டாக்டருங்க மேல மொதல்ல படு," என்றாள் மல்லிகா. "எம்மேல அப்புறமா படு. எனக்கு ஆறு மாசம் மாத்திர கீது, நான் எங்கயும் போவப்போறதில்ல."

ரேவதி சிரித்தாள், அழுதாள், இரண்டும் சேர்ந்துதான் வந்தது. ஒரு அடி இறங்கினாள். மல்லிகா இரண்டு அடி பின்னால் போனாள்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வேப்பம்பட்டுக்குக் காலை ரயில் நல்லது. பூந்தமல்லியில் வண்டி நிறுத்த இடம் கிடையாது, பேருந்தே மேல். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனையை நீங்களே கேட்டு வாங்குங்கள். சளி நெஞ்சிலிருந்து வர வேண்டும், பல் தேய்த்த வாயிலிருந்து அல்ல. எங்கள் லிமிட் இல்லை என்று திருப்பி அனுப்பினால் அதை எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள், எழுதச் சொன்னால் பல லிமிட்டுகள் தானாக விரியும். நோயாளியோடு இருந்தவர்களும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ரேவதி செய்துகொண்டாள், நானும் செய்துகொண்டேன், இருவருக்கும் இல்லை. யாராவது இளைத்து அழகாகி இருந்தால் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்காதீர்கள், இருமுகிறாயா என்று கேளுங்கள். எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டால் முதல் இருமலிலிருந்து எண்ணிச் சொல்லுங்கள். அவர் அதைக் கேட்காமல் மாத்திரை எழுதினால் எழுந்து வராதீர்கள். உட்கார்ந்திருங்கள். அவர் கேட்கும்வரை உட்கார்ந்திருங்கள்.

மரத்தடியில் மகளிடமிருந்து பின்னால் போன அந்த இரண்டு அடியை மல்லிகா இன்னும் திரும்பி நடக்கவில்லை. அடுத்த மாதம், கிருமி போயிற்றா என்று சளியை மறுபடி பார்க்கிறார்கள்.