மாங்கொட்டைப் பீப்பி

ஒரு பெண்ணையும் அவளுடைய கைக்குழந்தையையும் குடியிருந்த இடத்திலிருந்து வெளியேற்றியவன் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. போகச் சொன்னது அப்பாதான். அதற்குக் காரணமான பொய்யைச் சொன்னது நான். இத்தனை காலம் அதைச் சொல்லாமல் வைத்திருந்து களைத்துவிட்டேன். இப்போது எழுதுவதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுப் பின்சுவரோடு சேர்த்து ஓர் ஓலைச் சாய்ப்பு இறக்கியிருந்தது. புருஷனை இழந்த ஒரு பெண் இரண்டு ஆடுகளோடும் ஒரு வயது மகளோடும் அதில் குடியிருந்தாள். உறவு எதுவும் இல்லை. ஆனாலும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். வயிற்றுக்கு ஆகாமல் நான் கிடந்த நாட்களில் ஆட்டுப்பாலைக் காய்ச்சி எடுத்து வந்து, குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தவள்.

அந்த வருஷம் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பாகப்பிரிவினை நடந்தது. புளியங்குடிப் பக்கம் மலையடிவாரத்தில் இருந்த மாந்தோப்பு பெரியப்பாவுக்குப் போனது. டவுன் வீடும் கடையும் எங்களுக்கு வந்தன. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று, அப்பா துண்டில் ஒரே ஒரு பழத்தை முடிந்து கொண்டுவந்தார். எங்களுக்கு ஆளுக்கு ஒரு கீற்று. கொட்டையை அவரே சப்பி, கழுவி, நிழலில் உலர்த்தி, கிணற்றடியில் புதைத்தார். தோப்பிலேயே வளர்ந்தவர் அவர். காலையில் முதல் செம்புத் தண்ணீர் அதற்குத்தான். சில வாரங்களில் செம்பு நிற இலைகளோடு முளை எழுந்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். எதையும் யாரையும் கூப்பிட்டுக் காட்டுகிற மனிதர் அல்ல அவர்.

அது ஆடித்தபசுத் திருவிழா சமயம். தெருவெல்லாம் கடைகள். பீப்பி கேட்டு அழுதேன்; கிடைக்கவில்லை. முளைவிட்ட மாங்கொட்டையின் ஓட்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் பருப்பின் ஒரு முனையைக் கல்லில் தேய்த்து ஊதினால் பீப்பியாகும் என்பது எங்கள் தெருப் பையன்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் குப்பைமேட்டில் முளைத்தது ஒன்றுகூட மிச்சமில்லை. ஒரு முற்பகலில் அப்பாவின் செடியை மண்ணைக் கிளறி வேரோடு பிடுங்கினேன். தண்டைச் சாக்கடையில் எறிந்துவிட்டு, தெருக்கோடிவரை ஊதிக்கொண்டு போனேன். நல்ல சத்தம்.

திரும்பி வரும்போதுதான் பயம் வந்தது. கிணற்றடியில் கை நுழைகிற அளவுக்குக் குழி. பக்கத்துக் கொடியில் அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கடைசித் துணியைப் போட்டுவிட்டு, போகிற போக்கில் காலால் மண்ணைத் தள்ளிக் குழியை நிரவிவிட்டு உள்ளே போனாள். முற்றம் மேடுபள்ளமாகக் கிடந்தால் அவளுக்குப் பிடிக்காது.

மத்தியானம் அப்பா சாப்பிட வந்தார்.

“ஏலே, செடிய எங்கல?”

“ஆடு தின்னுட்டுப்பா.”

சத்தம் கேட்டு அத்தை ஓடிவந்தாள். “அண்ணாச்சி, ஆடு ரெண்டும் காலைலேருந்து கட்டுலதான கெடக்கு. வந்து பாருங்க.”

“அப்ப எம் மவன் பொய் சொல்லுதானா?”

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். “நீங்களாவது சொல்லுங்க மதினி.”

அம்மா சோறு எடுத்துவைக்க உள்ளே போய்விட்டாள்.

“விடிஞ்சதும் சாய்ப்பு காலியா இருக்கணும்” என்றார் அப்பா.

மறுநாள் காலை, தலையில் ஒரு பெட்டியும் இடுப்பில் குழந்தையுமாக அத்தை போனாள். ஆடுகள் பின்னால் போயின. பீப்பி என் கால்சட்டைப் பையில் இருந்தது.

அதன்பின் படித்தேன், வேலை பார்த்தேன், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தேன். தைரியம் வரட்டும் என்று காத்திருந்தேன், காத்திருப்பதே பழகிப்போனது. போன வருஷம் எங்கள் பால்காரர் பேச்சுவாக்கில் சொன்னதை வைத்து, அத்தை இறந்து வெகுகாலம் ஆயிற்று என்றும், மகள் கரிவலம்வந்தநல்லூரில் ஆடு வளர்க்கிறாள் என்றும் தெரிந்துகொண்டேன். மூன்று மாங்கொட்டைகளை ஓடு பிளந்து தொட்டியில் வைத்தேன். ஒன்று அழுகியது. ஒன்று முளைக்கவே இல்லை. பிழைத்த ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்தக் கைக்குழந்தைக்கு இப்போது தலை முழுக்க நரைத்திருந்தது. ஆடுகள் தின்ன வேப்பங்குழை கட்டிக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

“அங்கன இருந்ததே எனக்கு ஞாவகமில்ல அண்ணாச்சி. அம்மையும் ஒண்ணும் சொன்னதில்ல. சரி, கொண்டாந்துட்டீங்க, வாசல்ல வச்சுட்டுப் போங்க.”

நானே குழி தோண்டி நட்டேன். முழங்கால் வலியில் எழுந்திருக்க முடியவில்லை. அவள்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

ஒரு மாதம் கழித்துப் போனேன். செடி வெறும் குச்சியாக நின்றது. என்னைத் தூரத்தில் கண்டதுமே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

“வாங்க அண்ணாச்சி. இந்தத் தடவ நெசமாவே ஆடுதான்!”

எனக்குச் சிரிக்கத் தெரியவில்லை. அவள் குத்தவைத்து, அடிமண்ணை விரலால் விலக்கிக் கொட்டையைக் காட்டினாள்.

“மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கீங்க? ஆடு எலையத்தான கடிக்கும்? கொட்டையத் தோண்டி எடுக்க அதுக்குக் கையா இருக்கு? துளுத்துரும், பாருங்க.”

என்னைத் தேற்றத்தான் சொன்னாள். அத்தனை வருஷம் தோப்பில் இருந்த அப்பாவுக்கு அது தெரியாதா? அந்தக் குழியைப் பார்த்திருந்தால் ஆடு என்ற சொல்லை ஒரு நிமிஷம்கூட நம்பியிருக்க மாட்டார். அவர் வந்தபோது அங்கே குழி இல்லை; மண் நிரவிக் கிடந்தது.

செடி துளிர்த்துவிட்டதாகப் பால்காரர் சொல்கிறார். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

அத்தை போன மறுவாரமே அம்மா கிணற்றடிக் கொடியை அவிழ்த்து மொட்டைமாடியில் கட்டினாள். கடைசிவரை ஈரத்துணியைச் சுமந்துகொண்டு படியேறினாள். அங்கே வெயில் நன்றாக விழும் என்றுதான் அப்போது நான் நினைத்தேன்.